பழைய கணினியை எறிவதற்கு முன்… (தமிழ்ப்பள்ளித் தரவுகளும் 32-பிட், 64-பிட் சிக்கலும்)



விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. பள்ளி அலுவலகங்களில் பழைய கணினிகளுக்கு விடைகொடுத்துப் புதியவற்றை அமர்த்தும் பேச்சு எங்கும் கேட்கிறது. மகிழ்ச்சிதான். ஆயினும், அந்தப் பழைய கணினிகள் பள்ளி வாசலைத் தாண்டுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்பது என் கருத்து. அவற்றுள் இருக்கும் தரவுகளை யார் வெளியே எடுத்து வைத்தார்கள்?

"அந்தக் கோப்பு இப்போது திறப்பதில்லை; கெட்டுப்போய்விட்டது" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. இந்த விடையை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. திறக்க மறுக்கும் கோப்பு கெட்டுப்போன கோப்பு அன்று. இந்த வேறுபாட்டை அறியாமல் நாம் இழப்பவை மிகுதி. அதனால்தான் இதனை எழுதுகிறேன்.

அந்தக் கோப்பில் அப்படி என்னதான் இருக்கிறது?

2003ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது, பள்ளிகளுக்கு மடிக்கணினிகளும் ஒளிபடக்காட்டிகளும் வந்து சேர்ந்தன. அந்தக் கொள்கையைப் பற்றி நமக்குப் பல கருத்துகள் இருக்கலாம். ஆனால், அந்தக் கணினிகளைக் கொண்டு ஆர்வமிக்க ஆசிரியர்கள் பலர் தம் சொந்த நேரத்தில் ஒரு நற்பணியைச் செய்தனர். மைக்ரோசாப்ட் அக்செஸ் மென்பொருளில் பள்ளிக்கென ஒரு தரவுத்தளத்தை உருவாக்கினர். மாணவர் பெயர், பெற்றோர் பெயர், தோட்டத்தின் எந்தப் பிரிவில் வீடு, நூலகத்தில் இரவல் பெற்ற நூல்கள், யுபிஎஸ்ஆர் தேர்ச்சி, எந்த இடைநிலைப்பள்ளிக்குச் சென்றார் என்பன எல்லாம் அதில் இடம்பெற்றன.

"மாணவர் விவரங்கள்தாம் அமைச்சின் இணையத் தளத்திலேயே இருக்கின்றனவே?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. உண்மைதான். ஏபிடிஎம் என்றும் பின்னர் ஐடிமீ என்றும் அமைச்சின் அமைப்பு வளர்ந்துள்ளது. அது இன்றைய நிருவாகத்திற்குத் தேவையானது. ஆனால், பள்ளி தனக்காகத் தொகுத்துக்கொண்ட பழைய செய்திகள் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டன என்று கருத இடமில்லை. மேலும், அங்கே நம் பிள்ளைகளின் பெயர்கள் ரோமன் எழுத்தில் இருக்கின்றன. 'வள்ளி' என்பதும் 'வல்லி' என்பதும் அந்த எழுத்தில் ஒன்றே. 'மலர்விழி'யின் ழகரத்தை ஒருவர் இரண்டு எழுத்தால் குறிப்பார். மற்றொருவர் ஓர் எழுத்தால் முடித்துவிடுவார். ஒரு பிள்ளையின் பெயர் தமிழில் எவ்வாறு எழுதப்பட்டது என்பதற்குப் பள்ளியின் பழைய கோப்பே ஒரே சான்றாக இருக்கக்கூடும்.

தோட்டப்புறப் பள்ளிகளுக்கு இது மேலும் முக்கியமானது. நெகிரி செம்பிலானில் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பால்மரத் தோட்டங்களில் பிறந்தவை. நீலாய், லாபு, செண்டாயான் வட்டாரங்களில் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியதை நாம் கண்ணாரக் கண்டோம். லயன் வீடுகள் இடிக்கப்பட்டன, குடும்பங்கள் சிதறின. "இன்ன தோட்டம், இரண்டாம் பிரிவு, இத்தனையாம் எண் வீடு" என்ற முகவரி இன்று நிலத்தில் இல்லை, பதிவேட்டில்தான் இருக்கிறது.

பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாமல் தவித்த இந்தியர்களைப் பதிவதற்காக 2011ஆம் ஆண்டில் 'மைடஃப்தார்' இயக்கம் நாடு முழுவதும் நடத்தப்பட்டது நினைவிருக்கலாம். ஆவணமில்லாத ஒருவர் தம் சிறுவயதைப் பற்றிக் காட்டக்கூடிய ஏடுகள் மிகச் சில. அவர் படித்த பள்ளியின் பதிவு அவற்றுள் ஒன்று. அப்படிப்பட்ட பதிவை 'திறக்கவில்லை' என்ற ஒரே காரணத்திற்காகத் தூக்கி எறியலாமா?

கோப்பு ஏன் திறப்பதில்லை?

ஒரு தரவுத்தளக் கோப்பை மற்றொரு மென்பொருள் நேரடியாகப் படிக்க இயலாது. இடையில் ஓர் இணைப்பு மென்பொருள் தேவை. அதனைத்தான் 'டிரைவர்' என்கிறார்கள். தமிழில் 'இயக்கி' என்று எழுதுவதுண்டு. ஆனால், அது எதையும் ஓட்டுவதில்லை. இரு தரப்புக்கும் நடுவே நின்று, "இவர் கேட்பது இது, அவர் தருவது இது" என்று சொல்லும் துபாசி என்றே கொள்ளலாம்.

அக்செஸின் பழைய 'எம்டிபி' கோப்புகளுக்கான துபாசிக்கு 'ஜெட்' என்று பெயர். அது 32-பிட் கணினிகளின் காலத்தில் எழுதப்பட்டது. அதற்கு 64-பிட் வடிவம் வெளிவரவே இல்லை. 2007ஆம் ஆண்டுப் பதிப்போடு 'ஏஸ்' என்னும் புதிய துபாசி வந்தது. அதன் 64-பிட் வடிவம் ஆபிஸ் 2010 உடன் அறிமுகமானது. ஆபிஸ் 2019 முதல், நாம் வேறு தேர்வு செய்யாவிட்டால் 64-பிட் ஆபிஸே கணினியில் நிறுவப்படுகிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

32, 64 என்பவை என்ன? கணினி தன் நினைவகத்தில் ஓர் இடத்தைக் குறிப்பதற்கு ஒரு முகவரி எண்ணைப் பயன்படுத்துகிறது. அந்த எண்ணின் நீளமே 32 பிட் அல்லது 64 பிட். 32 பிட்டில் ஏறத்தாழ 4.29 பில்லியன் முகவரிகளைத்தான் குறிக்க முடியும்; அதாவது 4 கிகாபைட். நினைவகம் பெருகப் பெருக அது போதவில்லை.

நம் அடையாள அட்டையை எண்ணிப் பாருங்கள். பழைய அட்டையில் 7 இலக்க எண். 1990இல் 12 இலக்க எண் வந்தது. ஏழு கட்டங்கள் மட்டுமே உள்ள பழைய பாரத்தில் புதிய எண்ணை எப்படி எழுதுவது? எண்ணும் சரியானதே; பாரமும் பழுதில்லாததே. ஆனால், இரண்டும் பொருந்தமாட்டா. அதுபோலவே, 64-பிட் மென்பொருள் தரும் நீண்ட முகவரியை 32-பிட் டிரைவரால் வாங்கிக்கொள்ள இயலாது. ஆகவே, ஒரே மென்பொருளுக்குள் இரண்டையும் கலந்து இயக்க விண்டோஸ் அனுமதிப்பதில்லை.

அப்போது திரையில் என்ன தோன்றும்? "இந்த வழங்கி இக்கணினியில் பதிவு செய்யப்படவில்லை" என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம் வரும். அல்லது 'ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்' என்ற சொற்கள் வரும். சில வேளைகளில் தரவு மூலத்தின் பெயரைக் காணவில்லை என்ற செய்தி வரும். மூன்றுமே டிரைவரைப் பற்றிய புகார்கள். கோப்பு கெட்டுவிட்டது என்று இவற்றுள் ஒன்றுகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்!

நம் மாநிலத்தின் ஒரு தோட்டப் பள்ளியில் பணிபுரியும் தோழி ஒருவர், இத்தகைய கோப்பு ஒன்றைக் கணினிக் கடைக்கு எடுத்துச் சென்றார். "இது தேறாது, டீச்சர், அழித்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் அழிக்காமல் விரலியில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார். 32-பிட் ஆபிஸ் உள்ள ஒரு பழைய மடிக்கணினியில் அது உடனே திறந்தது. அதில் திறமை ஏதும் இல்லை. டிரைவர் பொருந்தியது, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியவை

கணினி வல்லுநராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பொறுமை இருந்தால் போதும்.

1. முதலில் கோப்பைப் படியெடுங்கள். இரண்டு விரலிகளில் இரண்டு படிகள். மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம்.

2. புதிய கணினியில் அக்செஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 2000 முதல் 2003 வரையிலான வடிவக் கோப்புகளை அது பெரும்பாலும் நேரடியாகவே திறந்துவிடும். பல கணினிகளில் வேர்டும் எக்செலும் இருக்கும், அக்செஸ் இராது. அங்குதான் டிரைவர் தேவைப்படுகிறது.

3. உங்கள் ஆபிஸ் எத்தனை பிட் என்று அறியுங்கள். எக்செலில் 'ஃபைல்', 'அக்கவுண்ட்', 'அபவுட் எக்செல்' என்று வரிசையாகச் சென்றால், மேல்வரியிலேயே 32 அல்லது 64 என்று எழுதியிருக்கும்.

4. விண்டோஸில் 'ஓடிபிசி டேட்டா சோர்சஸ்' என்னும் கருவி இரண்டு இருக்கின்றன. ஒன்று 32-பிட், மற்றொன்று 64-பிட். 32-பிட் கருவியைத் திறந்து டிரைவர் பட்டியலைப் பாருங்கள். 'எம்டிபி' கோப்புக்கான பழைய டிரைவர் அங்கே அமைதியாக உட்கார்ந்திருக்கும். 64-பிட் கருவியில் அது இராது. இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. 64-பிட் விண்டோஸில் 'சிஸ்டம்32' என்ற கோப்புறையில் இருப்பவை 64-பிட் கோப்புகள். 'சிஸ்வாவ்64' என்ற கோப்புறையில் இருப்பவை 32-பிட் கோப்புகள்! பழைய பெயரை மாற்றினால் பழைய மென்பொருள்கள் தடுமாறும் என்பதால் இப்படி விட்டுவிட்டார்கள். பெயரை நம்பி ஏமாற வேண்டாம்.

5. ஆபிஸ் 64-பிட் ஆனால், மைக்ரோசாப்டின் இலவச 'அக்செஸ் டேட்டாபேஸ் என்ஜின்' மென்பொருளின் 64-பிட் வடிவத்தை நிறுவலாம். ஆபிஸ் 32-பிட் ஆனால், 32-பிட் வடிவம். ஒன்று இருக்கும்போது மற்றதை நிறுவ முயன்றால் நிறுவி மறுத்துவிடும். அந்தத் தடையைக் குறுக்குவழியில் மீறுமாறு சிலர் சொல்வார்கள். அலுவலகக் கணினியில் அதைச் செய்து, இருக்கும் ஆபிஸையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

6. அக்செஸ் 97இல் உருவான கோப்பு என்றால், அக்செஸ் 2013க்குப் பிந்தைய பதிப்புகள் அதனைத் திறக்கமாட்டா. அக்செஸ் 2003, 2007 அல்லது 2010 உள்ள கணினியில் திறந்து, புதிய வடிவத்தில் சேமித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கணினி உங்கள் பண்டக அறையில் இருக்கக்கூடும். எறிந்துவிடாதீர்கள் என்று நான் மன்றாடுவது இதற்காகத்தான்.

7. லினக்ஸ் தெரிந்த முன்னாள் மாணவர் யாரேனும் இருந்தால், 'எம்டிபி டூல்ஸ்' என்ற கட்டற்ற மென்பொருளைக் கேட்டுப் பாருங்கள். மைக்ரோசாப்டின் டிரைவர் இல்லாமலேயே அது அட்டவணைகளை வெளியே எடுத்துத் தரும்.

கடவுச்சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோப்பை உருவாக்கிய ஆசிரியர் மாற்றலாகியிருக்கலாம். பணி ஓய்வு பெற்றிருக்கலாம். அவரை இன்றே தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். அடுத்த ஆண்டு அவருக்கே அது மறந்து போகலாம்.

இரண்டாவது பூட்டு: எழுத்துரு

டிரைவர் பொருந்திக் கோப்பு திறந்தது. உள்ளே பார்த்தால் தமிழ்ப் பெயர்களுக்குப் பதிலாக ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் குப்பையாகத் தெரிகின்றன. இங்கும் மனம் தளர வேண்டாம், இதுவும் கெட்டுப்போனதன்று.

அந்நாளில் நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலைக் கொண்டு நம்மில் பலர் தமிழைத் தட்டச்சு செய்தோம். யூனிகோடில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டிலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், அது அன்றாடப் பயன்பாட்டிற்கு வர நெடுநாள் ஆயிற்று. இடைக்காலத்தில் டிஸ்கி என்னும் குறியீட்டு முறையும், 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் முறைகளும் புழங்கின. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்த காலத்திலும் இந்தக் குறியீடுகள் புழக்கத்தில்தான் இருந்தன. இம்முறைகளில், ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தினார்கள். உரிய எழுத்துரு இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் குப்பை தெரியும்.

எனவே, எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது என்பதைப் பழைய கணினியிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு யூனிகோடுக்கு மாற்றலாம். நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வெர்ட்டர், கணினியிலேயே நிறுவிப் பயன்படுத்தும் மாற்றி. தமிழ்ப் பெயர்கள் உள்ள பத்தியை மட்டும் மாற்ற வேண்டும். ரோமன் எழுத்துப் பெயர்களையும் சேர்த்து மாற்றினால், சில குறியீடுகளில் அவையும் சிதைந்துவிடும்.

வெளியே எடுத்து எப்படி வைப்பது?

மீண்டும் ஒரு நிறுவனத்தின் ஒரு மென்பொருளுக்குள் பூட்டி வைத்தால், பத்து ஆண்டுகள் கழித்து இதே சிக்கல் திரும்பும். ஆகவே, அட்டவணைகளைச் சாதாரண உரைக் கோப்பாக, 'சிஎஸ்வி' வடிவில், யூடிஎஃப்-8 குறியீட்டில் சேமித்து வையுங்கள். அதனைத் திறக்க டிரைவர் தேவையில்லை. 32 பிட்டும் 64 பிட்டும் அதற்கு ஒன்றே.

ஓர் எச்சரிக்கை. அந்தச் சிஎஸ்வி கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கித் திறந்து, அப்படியே சேமித்துவிடாதீர்கள். 2004இல் பிறந்த பிள்ளையின் அடையாள அட்டை எண் 04 என்று தொடங்கும். எக்செல் அதனை வெறும் எண்ணாகக் கருதி முன்னிருக்கும் சுழியத்தை விழுங்கிவிடும். 12 இலக்கம் 11 ஆகிவிடும். பிறந்த நாளில் நாளும் மாதமும் இடம் மாறுவதும் உண்டு. எக்செலில் பார்க்க வேண்டுமானால், கோப்பை உள்ளிறக்கும்போது அந்தப் பத்திகளை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிடுங்கள்.

முடித்த பின் சரிபார்த்தல் வேண்டும். பழைய கோப்பில் எத்தனை பதிவுகள் இருந்தனவோ, புதியதிலும் அத்தனை இருக்க வேண்டும். பின்னர் ஏதேனும் 20 மாணவர்களைத் தெரிந்தெடுத்து, தாள் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். இறுதியாக ஒரு முறை அச்சிட்டுக் கட்டடம் செய்து வைத்தாலும் நன்றே. தாளுக்கும் டிரைவர் தேவையில்லை. கரையானிடமிருந்து மட்டும் காப்பாற்ற வேண்டும்.

பெற்றோர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் இன்னொன்று. இந்தக் கோப்புகளில் அடையாள அட்டை எண்ணும் முகவரியும் குடும்ப வருமானமும் இருக்கக்கூடும். 'இலவசமாக மாற்றித் தருகிறோம்' என்று கூறும் முன்பின் தெரியாத இணையத் தளங்களில் அவற்றை ஏற்ற வேண்டாம். புலனக் குழுவில் அனுப்பி உதவி கேட்கவும் வேண்டாம். கடைக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தால், ஆசிரியர் ஒருவர் உடனிருக்கட்டும்.

யார் செய்வது?

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே எழுத்து வேலைகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. இதையும் அவர்கள் தலையில் ஏற்றுவது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆகவே, இதனை ஆசிரியரின் தனிச்சுமையாக்காமல், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பணியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. தலைமையாசிரியர் அனுமதியும் மேற்பார்வையும் தரட்டும். கணினித் துறையில் பணிபுரியும் முன்னாள் மாணவர் இல்லாத தோட்டப் பள்ளி இன்று அரிது. அவர்களிடம் பணம் கேட்பதைவிட ஒரு சனிக்கிழமையைக் கேட்டுப் பாருங்கள், மகிழ்ச்சியோடு தருவார்கள்.

கட்டடத்திற்கும் கணினி அறைக்கும் நிதி திரட்ட நாம் தயங்குவதில்லை. புதிய பொருள் வந்தால் மாலையிட்டு வரவேற்கிறோம்; படம் எடுத்துக்கொள்கிறோம். பழையதற்குள் இருக்கும் நம் பிள்ளைகளின் பெயர்களை மட்டும் யாரும் கேட்பதில்லை. தோட்டம் போயிற்று, லயன் போயிற்று, சில இடங்களில் கோவிலும் இடம் மாறிற்று. அவை நம் கையில் இல்லாதவை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இந்தக் கோப்பு நம் கையில் இருக்கிறது. பொருத்தமான டிரைவரைத் தேட நமக்கு நேரமில்லை என்பதற்காக அதுவும் போகக் கூடாது.

ஆகவே, இந்த வாரம் பள்ளியின் பண்டக அறையைத் திறந்து பாருங்கள். அங்கே அடுக்கி வைத்துள்ள கணினிகளில் "தரவு எடுக்கப்படவில்லை, அகற்றாதீர்" என்று ஒரு தாளை ஒட்டுங்கள். மற்றவற்றைப் பொறுமையாகச் செய்துகொள்ளலாம்.